பூஜையறையில் ஓர் எண் அட்டவணை

திருப்புலிவனம் பன்னீர்செல்வம் வீட்டுப் பூஜையறையில், முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே, அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று குங்குமப் பொட்டோடு வீற்றிருக்கிறது. உள்ளே தலையும் வாலுமில்லாத எண்கள்தான். அவருக்குப் பெண்டாட்டியைத் தந்த தெய்வம் அது.

பட்டணத்துப் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருஷம் கணிதம் படித்தவர் அவர். கலெக்டராகத்தான் திரும்புவார் என்று ஊர் காத்திருந்தது. அரசாங்கமோ 1978இல் அவரைப் புள்ளியியல் துறையில் சேர்த்து, நெல் அறுக்க அனுப்பியது. மாவட்டத்து விளைச்சலை மதிப்பிட, குலுக்கிப் போட்டாற்போல் எண்கள் அச்சிட்ட அந்த அட்டவணை எந்த வயலில் எந்த இடத்தைக் காட்டுகிறதோ, அங்கே ஐந்து மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போட வேண்டும். ஆள் பார்த்து இடம் மாற்றக் கூடாது.

அடுத்த தையில் அது காட்டியது சாலவாக்கம் முத்துவேலின் வயலை. அவர் மகள் தேவகியோடு பன்னீர்செல்வத்துக்கு நிச்சயத்துக்கே நாள் குறித்தாயிற்று. வருங்கால மாமனார் புது வேட்டி கட்டி, கதிர் சாய்ந்து கிடந்த நடுவயலில் நின்றார். அட்டவணையோ, வேலியோரம் மாடு மேய்ந்த மூலையைச் சொன்னது.

"இன்னா மாப்ளே, நடுவுல பொன்னாட்டம் வெளைஞ்சி கீது, மூலைல போயி கயிறு கட்டிக்கினு கீறீங்களே?"

"எண்ணு அங்கதான் வந்துகீது மாமா."

பத்து கிலோ தேற வேண்டிய சதுரத்தில் மூன்றரை கிலோ தேறியது. வரப்பில் நின்ற ஊர் மொத்தமும் தராசை எட்டிப் பார்த்தது. முத்துவேல் ஒரு வாய் மோர்கூடக் கொடுக்கவில்லை. நிச்சயத்தைப் பிறகு பார்க்கலாம் என்று மறுநாள் ஆள் அனுப்பினார். கல்யாணம் நடக்க வாய்ப்பு எவ்வளவு என்று பன்னீர்செல்வம் முறைப்படி கணக்குப் போட்டார். விடை பூஜ்யத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தது.

கணக்கில் சேர்க்க மறந்தது தேவகியை. அவள் அப்பனிடம் இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டாளாம்.

"உனக்கோசரம் அவரு பொய் எழுதியிருந்தா, நாளைக்கு எங்கிட்ட சொல்றத நான் எப்படி நம்புறது நைனா? மூலைல மாட்ட வுட்டது அவரா, நீயா?"

முத்துவேல் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் தாம்பூலத் தட்டோடு திருப்புலிவனத்தில் வந்து இறங்கினார்.

அடுத்த போகத்தில் நாலு மூலைக்கும் எரு கொட்டி, வேலி அடைத்து, புது வேட்டியோடு காத்திருந்தார். பத்து வருஷமாக அட்டவணை அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. விளைச்சல் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. நைந்துபோனதென்று ஆபீசில் கழித்துக் கட்டிய அந்தப் புத்தகத்துக்கு ஆயுத பூஜைதோறும் பொட்டு வைப்பவள் தேவகி. விழுந்து கும்பிடுகிறவர் பன்னீர்செல்வம். பாதி கும்பிடு பொட்டு வைத்த கைக்கு.