சகினாவின் ஐஸ் பெட்டி

யார் எத்தனை முறை சொன்னாலும் அது பொய்தான். சகினா எந்தப் பிள்ளையின் தொப்புள்கொடியையும் திருடவில்லை. எதிர்வீட்டு ஜெயபாரதி பேரனுக்கு வெள்ளித் தாயத்து செய்துவைத்தாள், உள்ளே போட்டு அடைக்கக் காய்ந்த கொடி இல்லாமல் போயிற்று. அதற்குச் சகினா என்ன செய்வாள்?

பிள்ளையின் வயிற்றோடு ஒட்டிய துண்டு பிள்ளைக்கே சொந்தம். காய்ந்து தானாக விழும். பிரசவத்தில் வெளிவரும் நஞ்சோடு மிஞ்சும் முழ நீளக் கொடி ஆஸ்பத்திரிக் குப்பைக்குப் போவது. தாய் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதைப் பாட்டிலில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, அடையாற்று ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ப்பதுதான் ராயப்பேட்டைச் சகினாவின் வேலை. பாட்டிலில் பெயர் கிடையாது, எண் மட்டும். யாருடையது என்று மூச்சு விடக்கூடாது. பதினோரு வருஷமாக விட்டதில்லை.

அங்கே அனுப்ரியா என்ற பெண் கொடியின் ரத்தக்குழாயைக் கழுவி, உள்சுவரில் ஒட்டியிருக்கும் செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்ப்பாள். முதுகெலும்புக்குள் மெல்லிய குழாய் விட்டு ஆபரேஷன் செய்த பிறகு, உள்புண் ஆற ரத்தக்குழாய்கள் எப்படித் துளிர்க்கின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒருநாள் சகினாவையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். நேற்றுச் சிதறிக் கிடந்த செல்களாம், இன்று நெருங்கி வந்து, ஆற்றடிக் கூழாங்கற்கள் போலப் பளபளத்தன.

“இன்னாம்மா, தூங்கிக்கினு கீற மாதிரி கீது?”

“தூங்கலைக்கா. வளருது.”

அன்றிலிருந்து பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக் கண்ணை மூடினால், தெருக்களெல்லாம் குழாய்களாகும். அவற்றின் ஓரமெல்லாம் கூழாங்கற்கள் சத்தமில்லாமல் பதிந்துகொண்டே போகும். இறங்கவேண்டிய நிறுத்தத்தை எத்தனையோ நாள் விட்டிருக்கிறாள்.

ஒரு மழைநாளில் பெட்டியோடு இறங்கும்போது இடுப்பில் வெட்டியது. இடது கால் மரத்துப்போனது. முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார்கள். இரண்டு மாதம் பாயில் கிடந்தாள். அப்போதுதான் தாயத்துப் பேச்சு கிளம்பியது.

“ஊரான் வூட்டுக் கொடியத் தூக்கினு போனா இடுப்பு சும்மா வுடுமா?” ஜெயபாரதியின் குரல் குழாயடியிலிருந்து ஜன்னல் வழியே வந்தது. “முதுகுல கத்தி வெச்சவ எவ எழுந்து நடந்தா?”

ஜெயபாரதியின் மகள் பூஜாதான் அம்மாவுக்குத் தெரியாமல் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சகினாவின் பெயர் மீளும். சகினா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு விரல்நுனி அளவுத் துளைதான். மரக்க ஊசி போட்டிருந்தார்கள், விழிப்பு இருந்தது. குப்புறப் படுத்தபடி பக்கத்திலிருந்த டி.வி. திரையைப் பார்த்தாள். தண்ணீருக்குள் மஞ்சள் பஞ்சு அலைந்தது. வெள்ளையாக ஒரு தண்டு மெல்ல அசைந்தது.

“கால்ல ஷாக் அடிக்குதாம்மா?” என்றார் டாக்டர் பத்ரிநாராயணன்.

“இல்ல டாக்டர். இன்னா இது, கடலா?”

“உங்க முதுகும்மா. குழாய்ல கேமரா வெச்சு, தண்ணி விட்டுக்கிட்டே பாக்கிறோம். அந்த வெள்ளைதான் நரம்பு.”

நரம்பின் மேல் சிவப்பு நூல்கள் படர்ந்திருந்தன. அவற்றுக்குள்ளும் அதே கூழாங்கற்கள் இருக்கும். ஊர்ப் பிள்ளைகளுடையது என்று சுமந்தது தனக்குள்ளும் இத்தனை நாள் இருந்திருக்கிறது! பயம் எங்கோ கரைந்துபோனது.

ஆறாவது வாரம் டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார். அனுப்ரியா சக்கரம் வைத்த சின்னப் பெட்டி அனுப்பியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு சகினா வாசலுக்கு வந்தபோது எதிரே ஜெயபாரதி.

“இன்னா சகினா, மறுபடியுமா? இந்த வாட்டி யார் வூட்டுது?”

“சொல்லக்கூடாதுக்கா.”

“சொன்னா மாட்டிக்குவியே!”

பூஜா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். “கம்முனு இரும்மா. கையெழுத்துப் போட்டுக் குடுத்ததே நான்தான். தாயத்துக்கு வெக்க வேண்டிய காஞ்ச துண்டு, குளிப்பாட்டும்போது தண்ணியோட போயிடுச்சு. நீ கத்துவேன்னு சொல்லல.”

ஜெயபாரதி சகினாவின் பக்கம் திரும்பினாள்.

“ஏன்டி,” அவள் குரல் இறங்கியது, “இத்தினி நாளா நீ ஏன் வாயத் தொறக்கல?”

சகினா, மரத்துக் கிடந்த இடது காலையே முதலில் எடுத்து வாசற்படியைத் தாண்டி வைத்தாள். கல்லின் வெயில் உள்ளங்காலில் சுட்டது. அந்தச் சூட்டில் ஒரு நொடி நின்றுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பெட்டியை உருட்டியபடி நடந்தாள்.