தண்ணீர்க் குடமும் என் உயரமும்

அறுபதுகளின் கடைசியில், கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. என்னைப் பெண் பார்க்க பொம்மிடிப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். நான் நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவள். இத்தனை வருடம் இதை வெளியே சொன்னதில்லை. எழுதுவதென்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் உயரம். எட்டாவது படிக்கும்போதே வாத்தியாருக்குச் சமமாக வளர்ந்துவிட்டேன். அன்றிலிருந்து அம்மாவின் வாயில் எனக்கென்று ஒரே ஒரு சொல்தான். "குனி." கிணற்றுக்குப் போனால் குனி, சந்தைக்குப் போனால் குனி, மாமா வந்தால் குனி. பெண் நெஞ்சை நிமிர்த்தி நடந்தால் பார்க்கிறவர்கள் ஒரு மாதிரிப் பேசுவார்கள் என்பது ஒரு பயம். இவ்வளவு உயரத்துக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது என்பது இன்னொரு பயம். தோளை முன்னால் சுருட்டி, கழுத்தை உள்ளே இழுத்து நடந்து நடந்து எனக்கு அதுவே நடையாகிவிட்டது. இருபது வயதுக்குள் முதுகு வலி வந்துவிட்டது. தங்கை தினமும் தைலம் தேய்த்துவிடுவாள்.

தலையில் குடம் இருக்கும்போது மட்டும் யாரும் என்னைக் குனியச் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது, தண்ணீர் கொட்டிவிடும்.

அதற்கு முன்பே இரண்டு இடம் வந்து, உயரத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. தங்கை அப்பாவைப் போல அளவான உயரம். அவளைக் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் மூத்தவள் இருக்கும்போது இளையவளுக்கு எப்படிச் செய்வது? அன்று காலையில் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். "இன்னிக்கு முதுகு மட்டும் போதாது. பொடவைக்குள்ள முழங்காலயும் கொஞ்சம் மடிச்சு நட. ஒருத்தருக்கும் தெரியாது. உன் தங்கச்சி கழுத்துல தாலி ஏறணுமா வேண்டாமா?"

அப்படியே நடந்தேன். முதுகையும் வளைத்து முழங்காலையும் மடித்துக் காபித் தட்டோடு நான் வாசலுக்கு வந்த கோலத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது.

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அத்தை. பேச்செல்லாம் அந்த அம்மாதான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"பொண்ணுக்கு முதுகுல எதாச்சும் கோளாறுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வெக்கமுங்க."

"வெக்கத்துல தல குனியும். முதுகு வளையுமா? காலும் ஒரு மாதிரி சாய்ஞ்சு வருது."

உயரத்தை மறைக்கப் போய், கூன் என்றும் நொண்டி என்றும் பெயர் வாங்கியாகிவிட்டது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கை காலில் சந்தேகம் வந்தால் நேராகக் கேட்கமாட்டார்கள். ஒரு வேலை சொல்லி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அத்தையும் அதைத்தான் செய்தார்.

"தாகமா இருக்குது. புள்ளைய ஒரு கொடம் தண்ணி எடுத்தாரச் சொல்லுங்க."

கிணறு வாசலுக்கு எதிரிலேயே இருந்தது. நான் போய்த் தண்ணீர் சேந்திக் குடத்தை நிரப்பினேன். துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்தேன். தங்கை ஒரு கை பிடித்துக் குடத்தை என் தலைமேல் ஏற்றினாள். அவ்வளவுதான். முதுகு தானாக நேரானது, முழங்கால் நேரானது, கழுத்து மேலே வந்தது. மடக்க நினைத்தாலும் முடியாது. ஒரு சொட்டு சிந்தாமல் வாசல் வரை நடந்து வந்தேன். அவ்வளவு பேர் பார்க்கும்போது நான் நிமிர்ந்து நடந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

குடத்துக்கு வழிவிட மாப்பிள்ளை எழுந்து நின்றார். என் காது வரைதான் வந்தார்.

வந்தவர்களில் யாரோ, "அடேயப்பா, தென்ன மரமாட்டம்!" என்றார்கள். ஒரே சிரிப்பு. தங்கை குடத்தை இறக்கினாள். அம்மா கதவோரம் நின்று, குனி குனி என்று கையைக் கீழ்நோக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தை கோபப்படவில்லை. "கூனு இல்ல, சரி. இவ்வளவு ஒசரத்த ஏம்மா மடிச்சு வெச்சிருந்தீங்க?" என்று அம்மாவைக் கேட்டார். பிறகு மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "பரவால்ல, மத்ததெல்லாம் புடிச்சிருக்குது. ஏ புள்ள, முன்ன மாதிரியே கொஞ்சம் குனிஞ்சு நில்லு, அவன்கூட சேத்துப் பாக்கலாம். எங்க வூட்டுக்கு வந்தப்புறமும் அப்படியே இருந்துக்கிட்டா போதும்."

அதாவது, குனிந்தால் கல்யாணம் முடிந்துவிடும். அம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது போல ஆகிவிட்டது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் என் முதுகு வளைவதற்காகக் காத்திருந்தார்கள்.

என் முதுகு அசையவில்லை.

"இல்லீங்க," என்றேன். "என் ஒசரமே இதானுங்க. குனிஞ்சா முதுகு வலிக்குதுங்க. இனிமே குனிய மாட்டனுங்க."

பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். "இப்பவே இவ்வளவு திமிரா?" என்று அத்தை எழுந்துவிட்டார். வந்தவர்கள் கிளம்பிப் போனார்கள்.

அவர்கள் தெரு முனை தாண்டுவதற்குள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "தங்கச்சிய நெனச்சியாடி நீ?"

தங்கை குறுக்கே வந்தாள். "என்னை எதுக்கு இழுக்கறீங்க? அந்த மாப்பிள்ள உக்காந்திருந்த வரைக்கும் ஒசரமாத்தான் தெரிஞ்சாரு. எந்திரிச்சுதான் காரியத்தக் கெடுத்துட்டாரு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் போய் அழுதாள். அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். "நானும் உன்னாட்டந்தான்டி இருந்தேன். உங்கப்பாவுக்கு ஒசரமா தெரியக் கூடாதுன்னு குனிஞ்சவதான்."

எனக்கு அது தெரியாது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா வளைந்த முதுகோடுதான் இருந்தாள். வயல் வேலையால் அப்படி ஆனது என்றே நினைத்திருந்தேன். "இப்ப நிமிந்து பாரும்மா," என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர முயன்றாள். பாதிக்கு மேல் வரவில்லை. வலியில் முகம் சுளித்து விட்டுவிட்டாள். நான் வாசலில் சொன்னதை மறுபடி சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது. அதற்குப் பிறகு அம்மா என்னைக் குனியச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வீம்புக்கு ஒரு நிமிடம் நிமிர்வது சுலபம். நாள் முழுக்க நிமிர்ந்திருப்பது பெரிய பாடு. உடம்பில் புதுப் புது இடங்களிலெல்லாம் வலித்தது. மறந்த நேரத்தில் தோள் முன்னால் வந்துவிடும், இழுத்து இழுத்து நிறுத்துவேன். மாதக்கணக்கில் ஆனது. முதுகு வலி போனது என்று எனக்குத் தெரியவந்ததே, தைலச் சீசா காலியாகிப் பல நாள் ஆகியும் யாரும் வாங்கி வராததைப் பார்த்த பிறகுதான்.

தங்கைக்குத்தான் முதலில் கல்யாணம் ஆனது. பந்தலில், 'மூத்தது நிக்குது பாரு' என்று பேசினார்கள். ஆமாம், நின்றேன். நேராகத்தான் நின்றேன்.

எனக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு இடம் அமைந்தது. அரிசி ஆலையில் வேலை பார்த்தவர், என்னைவிடக் குள்ளம். பெண் பார்க்க வந்தபோது நான் நிமிர்ந்தே வந்து நிமிர்ந்தே நின்றேன். அவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். கல்யாணம் முடிந்து தருமபுரியில் போட்டோ எடுக்கப் போனோம். ஸ்டுடியோக்காரர் என்னைக் கொஞ்சம் குனியச் சொன்னார். நான் தலையாட்டி மறுத்தேன். அவர் உள்ளே போய் ஒரு பலகையைக் கொண்டு வந்து என் வீட்டுக்காரர் காலடியில் போட்டார்.

"எடுத்துருங்க," என்றார் இவர். "வூட்டுல பலகையோடவா நடக்கப் போறேன்?"

அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பதுண்டு, சிரிக்கட்டும். என் கூச்சம் இன்னும் போகவில்லை. கூச்சத்துக்கும் கூனுக்கும் சம்பந்தம் இல்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது. குனிந்திருந்த காலத்தில் ஊர் என்னை அடக்கமானவள் என்றது, நிமிர்ந்த பிறகு திமிர் பிடித்தவள் என்றது. இந்த இரண்டாவது பெயர்தான் என் உடம்புக்கு ஒத்துக்கொண்டது.