கொண்டி வெளிப்பக்கம் இருந்த அறைகள்

1. ஆள் வராத காலை

சூரத்தில் பிளேக் என்று பேப்பரில் வந்த வருடம் அது. பெங்களூரில் யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் தீர்ந்துபோயிருந்தது. பஸ்ஸில் ஒருவர் தும்மினால் பக்கத்து சீட்காரர் எழுந்து நின்றுகொள்வார். அந்தச் சமயத்தில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் தெரியுமா? ஜீவனஹள்ளி ஓரத்தில், பழைய காலத்து பிளேக் முகாம் ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தோம். வேளை பார்த்து வேலையில் இறங்குவதில் எங்கள் தொல்லியல் புராஜெக்டை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நான் அங்கே சைட் சூப்பர்வைசர். அன்று காலை போனால் தோண்டிய டிரெஞ்ச் காலியாகக் கிடக்கிறது. கடப்பாரையைத் தொட ஒரு ஆள் இல்லை. எங்களுக்குக் கூலியாட்களைக் கூட்டி வரும் மேஸ்திரி கோபால் மட்டும், கர்சீப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். அசையவில்லை.

“செல்விக்கு ஜொரம் மேடம். பிளேக்குதான்னு ஏரியா பூரா பேச்சு. நம்ம குழியிலேர்ந்துதான் கெளம்பிச்சாம். இனிமே ஒருத்தரும் வரமாட்டாங்க.”

செல்வி என்னோடு சல்லடை பிடிப்பவள். வந்தவாசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஜீவனஹள்ளிக்கு வந்தவள். வாயாடி. என் சேலையிலிருந்து என் கையெழுத்து வரை எதையும் கிண்டல் செய்யாமல் விடமாட்டாள். அந்த வாரம் முழுக்க நானும் அவளும் ஒரே சல்லடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டியிருந்தோம். அந்தத் தூசியை இரண்டு பேரும்தான் மூச்சில் இழுத்தோம். வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. காலையில் அவளுக்கு இட்லி ஊட்டிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

2. குழியில் என்ன இருந்தது

அந்தக் கிருமி மண்ணுக்குள் இத்தனை காலம் உயிரோடு கிடக்காது என்று எனக்குத் தெரியும். ஆட்களுக்கும் நானே சொல்லியிருந்தேன். தெரிந்திருந்தும் அன்று சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன்.

முகாமில் அடைபட்ட நோயாளிகளைப் பற்றி அந்தக் காலத்துக் காகிதங்களில் நிறைய இருக்கிறது. அவர்களுடைய மலத்தை அள்ளியவர்களை, பிணத்தைத் தூக்கியவர்களைப் பற்றி ‘கூலிகள்’ என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. பெயர் கிடையாது, ஊர் கிடையாது. எங்களுக்குக் கிடைத்தது அவர்களுடைய குடியிருப்பு. முகாம் வேலிக்கு வெளியே, கக்கூஸ் பள்ளத்தை ஒட்டி ஒரே வரிசையில் சின்னச் சின்ன அறைகள். அடுப்புக் கரி, அம்மிக்கல், பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள், நம்பர் அடித்த பித்தளை வில்லைகள் எல்லாம் வந்தன. வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்கள். வளையல் வந்த அன்று செல்வி தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “எனக்கு ஒரு சுத்து சின்னது” என்றாள்.

கடைசி அறையில் மட்டும் சட்டி பானைகள் உடையாமல், வைத்தது வைத்தபடி இருந்தன. மேலே கனமாக ஒரு சாம்பல் லேயர். கூரை எரிந்து விழுந்திருக்கிறது. அதன் வாசற்கல்லுக்கு வெளியே இரும்புக் கொண்டி ஒன்று, அதில் மாட்டிய பூட்டோடு கிடைத்தது. பூட்டியபடியே துருவேறிக் கட்டியாகியிருந்தது. உள்ளே மனித எலும்பு வருமோ என்று பயந்து பயந்து அந்த அறை மண் முழுவதையும் சலித்தோம். வரவில்லை. அந்த நிம்மதியில் நான் பூட்டுக்கு ‘இரும்புப் பொருள்’ என்று டேக் எழுதிக் கட்டி, டிரேயில் போட்டுவிட்டேன். அதன் பிறகுதான் செல்வி படுத்தாள்.

3. சந்து

மைசூரில் இருந்த டைரக்டருக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டேன். நல்ல மனுஷர்தான், ஆனால் பேப்பர்காரர்கள் என்றால் நடுங்குவார். டிரெஞ்சை மூடு, பிளாஸ்டிக் ஷீட் போடு, வீட்டுக்குப் போ என்றார். செல்வி விஷயத்தைச் சொன்னதும், “அவர உசாபரி நமகே பேடம்மா”, அவர்கள் வம்பு நமக்கு வேண்டாம் என்று கன்னடத்தில் முடித்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மைசூர் தூரம் வசதியாக இருந்தது.

எனக்கும் வீட்டுக்குப் போய்விடத்தான் ஆசை. ஆனால் வீட்டுக்குப் போனால் குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள். செல்விக்கு என்னவென்று தெரியாமல் அவளை எப்படித் தொடுவது? செல்வியை டாக்டரிடம் காட்டினால்தான் எனக்கும் தெரியும். வீராப்பு ஒன்றும் இல்லை, பயம்தான் என்னை செல்வி வீட்டுச் சந்துக்குத் துரத்தியது. எங்கள் ஜீப்பைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு நடந்தேன். கோபால் பத்தடி தள்ளியே வந்தார்.

சந்தில் குழாயடி காலி. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. செல்வியின் புருஷன் ஆறுமுகம் எதிர்வீட்டுச் சுவரில் சாய்ந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பெயிண்ட் வேலை பார்ப்பவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். அவன் வீட்டுக் கதவில் வெளியே கொண்டி போட்டிருந்தது. கொண்டியில் பூட்டு தொங்கியது.

டிரேயில் டேக் கட்டிப் போட்டேனே ஒரு பூட்டு, அதே வாட்டத்தில் இதுவும் தொங்கியது. உள்ளே ஆள் இருக்கும்போது யாராவது வெளியே பூட்டுவார்களா என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசித்திருக்கவில்லை.

உள்ளேயிருந்து செல்வியின் குரல் வந்தது. “மேடமா? தண்ணி தீந்துபோச்சு மேடம்.”

சாவி யாரிடம் என்று கேட்டேன். ஆறுமுகம் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். “நான் பூட்டலன்னா வீட்டக் கொளுத்திடுவோம்னாங்க மேடம். நான் என்னா பண்ணட்டும்?”

எனக்கு அந்தச் சாம்பல் லேயர்தான் கண்முன் வந்தது. அதற்குள் நாலைந்து பேர் சந்தில் கூடிவிட்டார்கள். எல்லார் முகத்திலும் துணி. அதில் பெரியவர் ஒருவர், திறந்தால் கலாட்டா ஆகிவிடும், குழந்தை குட்டி இருக்கிற இடம் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவருக்கும் என்னைப் போலவே பயம். ஆனால் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

“அந்த மண்ண மொதல்ல தொட்டது நான். பிளேக்குன்னா எனக்கும்தான். என்னையும் அவகூட உள்ள போட்டுப் பூட்டுங்க, இல்லன்னா நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், வழி விடுங்க.”

யாரும் கிட்டே வரவில்லை. ஆறுமுகம்தான் எழுந்தான். சாவி இரண்டு தடவை துவாரம் தவறியது. திறந்ததும் செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் அவள் தோளைப் பிடித்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். அவளுக்கு அது தெரிந்தது.

ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிளேக் இல்லை, டைபாய்டு. ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை நான் என் வீட்டு வாசலோடு நின்றுகொண்டேன். குழந்தை உள்ளேயிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள்.

4. டேக்கை மாற்றியது

செல்வி தேறி வேலைக்கு வந்த முதல் நாள், டிரேயில் இருந்த துருப்பூட்டைக் கையில் எடுத்தாள். நான் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“உள்ள இருந்தவங்கள வெளிய கூட்டினு போய்ட்டு எரிச்சாங்களா மேடம்? யாராவது வந்து தொறந்தாங்களா?”

“எலும்பு இல்ல செல்வி. அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

மற்ற அறைகளின் வாசலுக்கு மறுபடி போனோம். எல்லாவற்றிலும் கொண்டி வெளியேதான் விழுந்திருந்தது. உள்தாழ்ப்பாள் ஒன்றுகூட இல்லை. நோயாளிகளைத் தொட்டு வேலை செய்தவர்கள் ஓடிவிடக் கூடாது என்று பூட்டினார்களோ, ஊருக்குள் வந்துவிடக் கூடாது என்று பூட்டினார்களோ, மண் அதைச் சொல்லவில்லை. பழைய டேக்கைக் கிழித்துவிட்டு ‘வெளியே பூட்டிய அறை’ என்று எழுதிக் கட்டினேன். ரிப்போர்ட்டில் டைரக்டர் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். வரியை எடுக்க நான் விடவில்லை.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வாசல் கிடைத்தால் அதன் அகலத்தை அப்புறம் அளந்துகொள்ளலாம், கொண்டி எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். உள்ளே இருந்தவர்கள் வீட்டுக்காரர்களா கைதிகளா என்பது அதில் இருக்கிறது.

பிறகு ஒருநாள் செல்வி வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனேன். கதவில் நாலு ஆணி ஓட்டைகள்தான் இருந்தன. கொண்டியை அவளே கடப்பாரையால் நெம்பி எடுத்துவிட்டாளாம். வேலைக்குப் போகும்போது கதவைச் சும்மா சாத்திவிட்டுத்தான் போகிறாள். திருடன் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

“எடுத்துனு போவட்டும் மேடம். உள்ள ஒரு தாப்பா வாங்கி வெச்சிருக்கேன், அது போதும்.”