கூடையில் போட்ட ஜாதகங்கள்

எச்சில்தான். நான் வெப்சைட் கட்டக் கற்றுக்கொண்டதற்கு முதல் காரணம் அதுதான்.

டெல்லியில் லோதி ரோடு பக்கத்தில் நம்மவர்கள் நடத்திவந்த ஒரு மன்றத்தின் பின்னறையில் ஜாதகப் பரிவர்த்தனை நடக்கும். அந்த அறைக்கு நான்தான் குமாஸ்தா. பெண்களின் ஜாதகங்கள் ஃபைல் ஃபைலாக மேஜைமேல் கிடக்கும். பையன்களுடையவை பீரோவுக்குள் பூட்டியிருக்கும். ஞாயிறு காலையில் பையன் வீட்டார் வருவார்கள். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டி, கண்ணில் பட்டதையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கட்டாகக் கொண்டுபோவார்கள். பதில் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே அவர்களுக்கு இருக்காது. பெண் வீட்டார் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டால்தான் நான் பீரோவைத் திறப்பேன். யாரும் எழுதிவைத்த விதி இல்லை. அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்தத் தாள்களின் ஓரம் ஒன்றுவிடாமல் நைந்து, பழுப்பேறி, வழவழவென்று இருக்கும். மஞ்சள் தடவிய மூலையில் ஊரார் எச்சில். திங்கட்கிழமை அடுக்கி வைக்கும்போது எனக்குக் குமட்டும். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, சரியாகக் கழுவினோமா என்று சந்தேகப்பட்டு மறுபடியும் கழுவுவேன்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பரீட்சை என்றால் முந்தின நாளே வாந்தி எடுப்பேன். அப்பாவும் சலித்துப்போய் டைப்பிங் கிளாசில் சேர்த்துவிட்டார். அதை வைத்துத்தான் இந்த நாற்காலி கிடைத்தது. இது இருக்கிறவரைக்கும் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் 'பார்க்கலாம்மா' என்று தள்ளிப்போட முடிந்தது. அம்மா அதையும் மீறி என் ஜாதகத்தை என் மேஜைமேல் இருந்த ஃபைலிலேயே கோத்துவிட்டுப் போயிருந்தாள்.

செக்ரட்டரி சார் ரிட்டையர்டு செக்ஷன் ஆபீசர். எல்லா இடத்திலும் வெப்சைட் வந்துவிட்டது, நாமும் வெளியே கொடுத்துச் செய்துவிடலாம், அப்புறம் இந்த அறைக்கு ஆளே தேவையில்லை என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். நானே செய்கிறேன் சார் என்று சொல்லிவிட்டேன். வாய்தான் சொன்னது. எனக்கு ஒன்றும் தெரியாது.

தரியாகஞ்ச் நடைபாதையில் வெப்சைட் கட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பழைய புத்தகம் வாங்கினேன். முன்னால் வைத்திருந்தவன் சாப்பிட்டுக்கொண்டே படித்திருப்பான் போல. பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய் விரல். நடுவில் நசுங்கிய கரப்பான் ஒன்று. அந்த இடத்தைப் புரட்டும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பாடமாக எதையும் நடத்தாத புத்தகம் அது. முதல் பக்கத்திலிருந்தே வெப்சைட்டில் ஒரு செருப்புக் கடையைக் கட்டச் சொல்லும். ஒரு அத்தியாயத்தில் சரக்கை அடுக்கு. அடுத்ததில் வாடிக்கையாளரைப் பதிவு செய். பிறகு பிடித்ததைப் போட்டுவைக்க ஒரு கூடை. பிறகு இரண்டு செருப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் ஒரு சபாஷ். அந்தச் சபாஷைப் பார்த்தாலே எரிச்சல் வரும். எனக்குத் திரையில் வந்தது பெரும்பாலும் வெள்ளை, இல்லையென்றால் ஏதோ ஒரு வரி தப்பு என்ற வசவு.

பழகியதெல்லாம் சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு சைபர் கஃபேயில். பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் பையன்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதை எழுத வேண்டாம். கீபோர்டில் மோமோ சட்னி காய்ந்திருக்கும். 'பையா, இதை மாற்றிக் கொடுங்க' என்றால் கடைக்காரர் 'அச்சா தீதி' என்று தலையாட்டிவிட்டு அதையே கவிழ்த்துத் தட்டிக் கொடுப்பார். அதிலிருந்து முடியும் நகமும் உதிரும். துப்பட்டா நுனியால் ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்துவிட்டுத்தான் தொடங்குவேன். ஃபிளாப்பி கெட்டுப்போய்விடுமோ என்று பயந்து ஒன்றையே பலதில் ஏற்றி வைப்பேன்.

எப்படியோ கடை எழுந்து நின்றது. பிறகு அதை ஜாதகத்துக்கு மாற்றினேன். சரக்கு இருந்த இடத்தில் பெண். வாடிக்கையாளர் இருந்த இடத்தில் பையன் வீட்டார். யோசித்துச் செய்யவில்லை, மேஜையும் பீரோவும் பழக்கிய கை தானாகப் போயிற்று. செருப்பின் சைஸ் இருந்த கட்டத்தில் உயரம் கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

ஃபைலைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தபோது என் தாள் வந்தது. அம்மாவின் கையெழுத்து, மூலையில் மஞ்சள், அதன்மேல் யாரோ புரட்டிய ஈரம் காய்ந்த தடம். அதையும் ஏற்றினேன். என் படம் வந்தது. அதன் கீழே நான் மாற்ற மறந்த பழைய வரி, 'கையிருப்பில் உள்ளது'. பக்கத்திலேயே 'கூடையில் போடு' என்ற பொத்தான்.

தாளில் இருந்த எச்சில் என் முகத்தில் பட்ட மாதிரி இருந்தது.

செக்ரட்டரி சாரிடம் போனேன். பையன்களையும் இதேபோல் வரிசையாகப் போடலாம், பெண் வீட்டாரும் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும், எனக்கு ஒரு வாரம் கூடக் கிடைத்தால் போதும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பையன் வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா. அவங்களக் கடையில வெச்ச மாதிரி இருக்கும்ல?"

நிஜமாகவே அக்கறையோடுதான் சொன்னார். வேலை போய்விடுமே என்று பயந்து என் நாற்காலிக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை, செக்ரட்டரி சார் வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரில் கமிட்டிக்குக் காட்டினேன். எவ்வளவு முயன்றும் எடுக்க வராத அந்தப் பழைய வரியைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள், இல்லை முகம் சுளிப்பார்கள் என்று ராத்திரியெல்லாம் பயந்தது வீண். நல்ல ஏற்பாடு, நிச்சயமானால் 'கையிருப்பில் இல்லை' என்று போட்டுவிடலாமே என்றார் பொருளாளர். அவர் மனைவி, எல்லோருக்கும் மாமி, மௌஸை வாங்கிக்கொண்டார். சின்ன மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். விறுவிறுவென்று கூடையில் போட்டுக்கொண்டே போனார். அந்தக் கூடைக்குள் நானும் விழுந்தேன். பிறகு என்னையும் இன்னொரு பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்.

"இவ உயரம், அவ படிப்பு. ஏம்மா, ரெண்டையும் சேத்து ஒண்ணாத் தராதா உன் கம்ப்யூட்டர்?"

அறை சிரித்தது. எனக்குப் படிப்புக்கான கட்டத்தில் வெறும் கோடுதான் இருந்தது. அதற்கும் சேர்த்து நானும் சிரித்தேன்.

தீர்மானம் ஆயிற்று. வெப்சைட் என் பொறுப்பு, நாற்காலி எனக்கே. எல்லோரும் காபிக்கு வெளியே போனார்கள். நான் உட்கார்ந்து, சரக்கை நீக்குவது எப்படி என்று அந்தக் கரப்பான் அத்தியாயம் சொல்லிக்கொடுத்தபடி, என் பதிவை நீக்கினேன். உண்மையாக நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம்.

மாமி டம்ளரோடு திரும்பி வந்தார். கூடையை மேலும் கீழும் தேடினார்.

"எங்கடி போயிட்ட நீ?"

"இங்கதான் மாமி இருக்கேன். வேலையில."

"பரவால்ல, ஃபைல்ல இருக்குமே" என்று விரலை நாக்கில் வைத்தார்.

அந்த விரல் வந்து சேர்வதற்குள் ஃபைலை என் பக்கம் இழுத்து, என் தாளை உருவினேன். பீரோவைத் திறந்து பையன்களின் தாள்களுக்கு நடுவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். இனி அதைப் பார்க்க வேண்டுமென்றால் கேட்க வேண்டும்.

மாமி கேட்கவில்லை. ஈர விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். நான் கை கழுவப் போனேன்.