ஏரிமேல் ஓடிய மில்ரன்

வெளிநாடு போன நம்மவர் எவருடைய படங்களை எடுத்துப் பார்த்தாலும் அவற்றில் ஒன்று கட்டாயம் இருக்கும். பின்னால் பனி. பனிக்கு முன்னால் ஒரு கார். காருக்கு முன்னால் நம்மவர், ஒரு கை காரின் மேல். கார் யாருடையது என்று படம் சொல்லாது, நாமும் கேட்பதில்லை. வங்காலைச் சாந்தரூபன் கனடா போன முதல் மாரியில் சிவப்புக் கார் ஒன்றைத் தடவிக்கொண்டு நின்று அனுப்பிய படம், அவருடைய தாய் வீட்டு அலுமாரிக் கண்ணாடியில் இன்றும் ஒட்டியிருக்கிறது. அந்தக் கார் பக்கத்து வீட்டுக்காரருடையது என்பதும், சாந்தரூபன் அந்த மாரி முழுக்க பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வந்தார் என்பதும் ஊருக்குத் தெரியும். அதனால் படத்தின் மதிப்பு எள்ளளவும் குறையவில்லை.

மில்ரனிடம் அந்தப் படம் இல்லை.

அவருடைய வாழ்க்கையின் சிக்கல் முழுவதும் அதிலிருந்து தொடங்கியதுதான். கடலோர ஊரான வங்காலையில் பிறந்து, இராமேஸ்வரம் பக்கத்து அகதி முகாமில் வளர்ந்து, அங்கே லொறியில் உதவியாளாக ஏறி ஓட்டுநராக இறங்கியவர் மில்ரன். சமாதான காலத்தில் ஊருக்குத் திரும்பி சிசிலியாவைக் கலியாணம் முடித்தார். ஒரு மகள் பிறந்தாள். பிறகு போர் மறுபடி மூண்டு எல்லோரும் ஓடிய காலத்தில் அவரும் ஓடினார், ஆனால் எல்லோரும் ஓடிய பக்கம் போகாமல், சுவீடனின் வடக்கு முனையில், மரங்களும் ஏரிகளும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு சின்ன ஊரில் போய் நின்றார். அங்கே ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார்.

இதுவரை கதை எல்லோர் கதையும் போலத்தான். இதற்குப் பிறகு வந்ததைத்தான் ஊர் நம்ப மறுத்தது.

அந்த ஊரில் மாரி வந்தால் ஏரி உறைந்துவிடும். உறைந்த ஏரியின்மேல் பெரிய கார்க் கொம்பனிக்காரர்கள் வந்து, இன்னும் கடைக்கு வராத கார்களை ஓட்டிப் பார்ப்பார்கள். எந்த வேகத்தில் வழுக்குகிறது, எந்தச் சில்லு முதலில் பிடி விடுகிறது என்று பார்ப்பதற்கு. மில்ரன் கோப்பை கழுவிய ஹோட்டலில் தங்கியவர்கள் அந்த ஓட்டுநர்கள்தான். ஒரு மாரியில் ஓட்டுநர் போதவில்லை. கோப்பை கழுவுகிறவரிடம் லைசென்ஸ் இருந்தது. அடுத்த மாரியிலிருந்து மில்ரன், நாலு சில்லும் இழுக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஏரியைச் சுற்றி வட்டமடித்தார். அதுதான் வேலை. காலையில் ஏறி மாலை வரை வட்டம்.

படம் ஏன் இல்லையென்றால், அந்தக் கார்கள் இரகசியம். வாசலிலேயே கைபேசியின் கமராவுக்குமேல் ஒரு ஒட்டு ஒட்டிவிடுவார்கள். காருக்கும் வரிக்குதிரை போல கறுப்பு வெள்ளைச் சட்டை போட்டிருப்பார்கள். ஆக, பக்கத்து வீட்டுக் காரோடு படம் எடுத்தவருக்கு ஊரில் மரியாதை. உண்மையாகவே ஓட்டியவர் வெறுங்கையோடு வந்திறங்கினார்.

"நீங்கள் ஏரிக்கு மேலாலயோ கார் ஓடினனீங்கள், அண்ணை?" என்று மீன்வாடியில் கேட்டார்கள்.

"ஓம்."

"யேசு ஆண்டவர் நடந்துதான் போனவர். நீங்கள் கியர் போட்டுப் போயிருக்கிறியள்."

"அது உறைஞ்ச தண்ணியடா."

"எங்கட ஆக்களும் கன பேர் சுவீடனில இருக்கினம். ஒருத்தரும் இப்பிடியொண்டு சொல்லேல்லையே."

"அவை தெற்கில இருக்கினம்."

"ஓமோம், நீங்கள் மட்டும் வடக்கில."

ஊருக்கு இது பகிடி. வீட்டில் இது பகிடி இல்லை. சிசிலியா பதினொரு வருடம் தனியாக இருந்து மகளை வளர்த்தவர். தொலைபேசியில் வந்த குரலைத் தவிர அந்த வருடங்களுக்கு அவரிடம் வேறு அடையாளம் இல்லை. மற்றப் பெண்களின் கணவன்மார் பனிக்குள் நின்ற படங்களைத் தேவாலய வாசலில் காட்டும்போது அவர் சிரித்துப் பார்த்துவிட்டு வந்தவர். படமே இல்லாத ஒரு மனிதன் எங்கே, யாரோடு இருந்திருப்பான் என்று ஊர் மூன்று விதமாகச் சொன்னது. சிறையென்றது ஒன்று. ஒரு வெள்ளைக்காரியின் வீடென்றது இன்னொன்று. மூன்றாவது, கடைசிவரை கோப்பைதான் கழுவினார், மானத்துக்காகக் கார் என்கிறார் என்றது. சிசிலியா எதையும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டார், உடுப்புத் தோய்த்தார், ஞாயிறு பூசைக்கு ஒன்றாகப் போனார். மில்ரன் பனியைப் பற்றி வாயெடுத்தால் மட்டும் "அடுப்பில கறி" என்று எழும்பிப் போய்விடுவார். அவர் திரும்பிவந்த இந்த இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் கரிந்த கறி ஒன்றுமில்லை.

மில்ரனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஊர் நம்பாவிட்டால் போகட்டும், இந்த ஒரு பெண் நம்பவேண்டும்.

அவர் இப்போது வங்காலையிலிருந்து முருங்கனுக்கு மீன் ஏற்றும் பட்டா என்ற சின்ன லொறி ஓட்டுகிறார். ஐஸோடு உள்ள உறவு விடவில்லை. முன்பு அவர் ஐஸின் மேலே போனார், இப்போது ஐஸ் அவருக்குப் பின்னால் பெட்டியில் வருகிறது.

இந்த நேரத்தில்தான் றிஷாட் ஒரு கார் வாங்கினார். றிஷாட் முசலிப் பக்கத்தில் சீமெந்து, கம்பி வியாபாரம் செய்கிறவர். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரம். கொழும்பில் யாரோ விற்ற ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், நீலம், நாலு சில்லும் இழுக்கும். வாங்கிய பிறகுதான் அவருக்கு ஒரு கவலை பிடித்தது. நம்முடைய வீதிகள் நேர், மட்டம், காய்ந்த தார். நாலு சில்லும் இழுக்கும் என்பதைக் காட்ட ஒரு சில்லாவது வழுக்கவேண்டுமே! மில்ரனின் பெயர் அவர் காதில் விழுந்தது அப்போதுதான்.

மார்கழி மழை விட்ட ஒரு முற்பகல், காரோடு மில்ரன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"அண்ணை, நீங்கள் பனியில ஓடின ஆளாமே?"

"ஓடினனான் தம்பி."

"அப்ப இதை ஒருக்கா வழுக்கிக் காட்டுங்கோ. நாலு சில்லும் இழுத்தா எங்கயும் நிக்காது எண்டுறாங்கள்."

"இழுக்கிறது வெளிக்கிடத்தான் உதவும். நிப்பாட்டுறதுக்கு எந்தக் காருக்கும் நாலு சில்லுதான்."

றிஷாட்டுக்கு இது விளங்கவில்லை, ஆனால் பிடித்திருந்தது. "தரவைக்குப் போவம். மழைத் தண்ணி நிக்குது, கண்ணாடி மாதிரி. ஊர்ப் பொடியளும் வாறாங்களாம்." பிறகு குசினி வாசலில் நின்ற சிசிலியாவைப் பார்த்து, மரியாதைக்காகத்தான், "அக்கா, நீங்களும் வாங்கோவன், சாட்சிக்கு" என்றார்.

"ஓம், வாறன்" என்றார் சிசிலியா.

மில்ரன் திரும்பிப் பார்த்தார். அடுப்பில் கறி இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

தரவை என்பது கடலுக்கும் வீதிக்கும் நடுவே கிடக்கும் உப்பு வெளி. கோடையில் வெடித்துக் கிடக்கும், பொடியன்கள் கிரிக்கெட் அடிப்பார்கள். மாரியில் அதன்மேல் ஒரு விரல் தண்ணீர் நிற்கும். அன்று காற்றில்லை. வானம் முழுக்கத் தரையில் கிடந்தது, ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. முப்பது நாற்பது பேர் சைக்கிள்களோடு வந்துவிட்டார்கள். றிஷாட் இறங்கிக் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். காருக்குள் மில்ரனும் சிசிலியாவும்தான்.

மில்ரன் அந்த வெளியை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காரை ஓரம்வரை மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்தினார். தன்னுடைய இருக்கைப் பட்டியைக் கழற்றினார். கையை நீட்டி, சிசிலியாவின் பட்டியையும் கழற்றிவிட்டார். இரண்டு பக்க ஜன்னல் கண்ணாடிகளையும் அடிவரை இறக்கினார். மறுபடி தொடங்கியிருந்த தூறல் உள்ளே விழுந்தது.

"என்ன செய்யிறியள்?" என்றார் சிசிலியா.

"என்ன?"

"பெல்ட்டைக் கழட்டிறியள். மழைக்குள்ள கண்ணாடியையும் இறக்கிறியள்."

மில்ரன் தன் கைகளைப் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்தது. "ஏரிக்குள்ள இறங்கேக்க அப்பிடித்தான். சீசன் தொடங்கேக்க ஐஸ் மெல்லிசு. முதல் இறங்கிற காரில பெல்ட் போடக்கூடாது. உடைஞ்சா உடன வெளியில பாயோணும். கை பழகிப்போச்சு. நீர் போடும், இது தரவைதானே."

சிசிலியா பட்டியைத் தொடவில்லை.

பொய்க்காரர்களைப் பற்றி ஊருக்கு நல்ல அனுபவம் உண்டு. ஏரி, வேகம், விலை கூடிய கார், வெள்ளைக்கார முதலாளி முதுகில் தட்டியது, இவை எல்லாவற்றையும் பொய்க்காரர் கொண்டுவருவார். ஆனால் மழைக்குள் கண்ணாடியை இறக்குகிற பயத்தை எந்தப் பொய்க்காரரும் கொண்டுவருவதில்லை. அது இருந்த இடத்திலிருந்துதான் வரும். இரண்டு வருடமாக அவர் சொன்ன கதையில் இந்தக் கண்ணாடி இல்லை. பெருமையை மட்டும் சொன்னவர், இதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

"போங்கோ" என்றார் சிசிலியா.

கார் இறங்கியது. முதல் வளைவில் பின்பக்கம் மெல்ல விலகியது. மில்ரன் பதறவில்லை. ஸ்டியரிங்கை வழுக்கும் பக்கமே கொடுத்து, காலைத் தளர்த்தி, மறுபடி மெதுவாக அழுத்தினார். கார் பக்கவாட்டில், தண்ணீரைச் சேலைத் தலைப்புப் போல விரித்துக்கொண்டு, ஒரு பெரிய வட்டம் போடத் தொடங்கியது. கரையில் சத்தம் அடங்கிவிட்டது. பாதி வட்டம்வரை அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

மற்றப் பாதியில் மேல்தோல் உடைந்தது. ஏரியில் குளிர்தான் தரை. அது எவ்வளவு உறைந்ததோ அவ்வளவு தாங்கும். தரவையில் மேலே வழுவழுப்பு, கீழே சேறு, அதற்குக் கீழேயும் சேறு. எட்டு மாரி ஏரியைப் பார்த்தவருக்கு ஊர்த் தரவை ஏரியாகவே தெரிந்துவிட்டது. நாலு சில்லும் நன்றாக இழுத்தன. நாலும் சேர்ந்து தோண்டின. கார் வயிறுவரை இருந்துவிட்டது.

கரையில் கூச்சல் எழும்பியது. "ஐஸ் உருகிட்டுதோ அண்ணை?" என்று ஒருவன் கத்தினான். றிஷாட் "யா அல்லாஹ்" என்றார், ஆனால் கைபேசியை இறக்கவில்லை.

காருக்குள் எஞ்சின் நின்ற பிறகு தூறல் மட்டும் கேட்டது.

"உடைஞ்சதோ?" என்றார் சிசிலியா.

"ஓம், மேல்தோல்தான். கீழ சேறு."

"இதைக் கேக்கேல்லை. அங்க. உடைஞ்சதோ?"

மில்ரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். "ஒருக்கா."

"நீங்களோ உள்ளுக்கு?"

"முன்பக்கம் இறங்கினது. நான் கண்ணாடியால வந்திட்டன். கிட்ட ஆக்கள் நிண்டவை."

சிசிலியா முன்னால் தெரிந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "மகள் கோயிலில புதுநன்மை எடுத்த வருசம். போனில பல்லு அடிக்க அடிக்கக் கதைச்சனீங்கள். என்னெண்டு கேட்டன். மூக்கடைப்பு, தடிமன் எண்டனீங்கள்."

"தடிமன்தான். அந்தத் தண்ணிக்குள்ள விழுந்தா தடிமன் வராதே?"

சிசிலியா சிரிக்கவில்லை. கதவைத் தள்ளித் திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் கரைக்கு நடந்தார். கரையில் ஒருவன், "அக்கா, சுவீடனில ஓடினவர் வங்காலையில சேத்துக்குள்ள தாண்டுபோனார்" என்றான். "சுவீடனிலயும்தான் தாண்டவர்" என்றார் சிசிலியா, நிற்காமல்.

பக்கத்து வயல்காரர் சிவராசாவின் உழவு இயந்திரம் வந்து காரை இழுத்தது. றிஷாட் எடுத்த வீடியோவில் அந்த முதல் பாதி வட்டம் இல்லை. அந்த நேரம் அவர் விரல் கமராவில் இருந்திருக்கிறது. சேற்றில் புதைந்த பாதி மட்டும் கனடா வரை போனது. சாந்தரூபன் அதற்குக் கீழே சிரிப்பு முகம் போட்டிருந்தார். ஊரைப் பொறுத்தவரை மில்ரன் கதை அத்தோடு தீர்ந்தது. பொய்யென்று வீடியோவே இருக்கிறது.

வீட்டில் சிசிலியா சில நாள் பேசவில்லை. முன்பு நம்பாததால் வந்த மௌனத்துக்கும் நம்பியதால் வந்த இந்த மௌனத்துக்கும் என்ன வித்தியாசமென்று மில்ரனுக்குப் பிடிபடவில்லை. வித்தியாசம் பெரியது. அத்தனை வருடமாக சிசிலியா ஒரு வெள்ளைக்காரியை நினைத்துக் கோபப்பட்டு வந்தார், கோபம் ஒரு துணை. இப்போது அந்தப் பெண் போய்விட்டாள். அவள் இருந்த இடத்தில் கண்ணாடி இறக்கிய ஒரு கார் நிற்கிறது. எப்போதோ முடிந்துபோன பயத்தை இனித்தான் பட்டு முடிக்கவேண்டும்.

பிறகு ஒரு மாலை, மீன் வெட்டிக்கொண்டிருந்த சிசிலியா, தலை நிமிராமலே, "முதல் வருசம் ஐஸ் எவ்வளவு தடிப்பு?" என்று கேட்டார்.

"ஒரு சாண் இருக்கும்" என்றார் மில்ரன். கத்தி ஒரு கணம் நின்றதை அவர் கண்டார்.

மறுநாள் இரண்டாம் வருடத்தைக் கேட்டார். ஒரு முழம் என்றார். அதற்கடுத்த வருடம் இரண்டு முழமாயிற்று. நம்பாத பெண்ணிடம் இரண்டு வருடம் உண்மையையே சொல்லிவந்த மனிதர், நம்பத் தொடங்கிய பெண்ணிடம், அந்தக் கத்தி மறுபடி நிற்கக்கூடாதென்று, மாலைக்கு மாலை பொய்யைக் கூட்டிக்கொண்டே போனார். ஆறாம் வருடத்துக்கு வந்தபோது ஐஸ் ஆளுயரம் ஆகியிருந்தது. அதற்குமேல் லொறிகள் போயின, ஒரு சின்னத் தேவாலயத்தையும் கட்டலாமென்று பேசிக்கொண்டார்களாம்.

சிசிலியா பாரை மீனின் செதிலைத் தட்டிவிட்டு, "அவ்வளவு தடிப்பெண்டால் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே ஓடியிருக்கலாமே" என்றார்.

"போட்டனாங்கள். ஆறாம் வருசத்தில இருந்து எல்லாரும் போட்டனாங்கள்" என்றார் மில்ரன் அவசரமாக.

"ம்" என்றார் சிசிலியா. எழும்பிப் போகவில்லை. அடுத்த மீனை எடுத்தார்.