பச்சைத் தண்ணீர்

அந்த வருடம் குளிர் தொடங்கிய முதல் காலை. சார் காரில் ஹீட்டரைப் போட்டதும் வெல்லப்பாகு வாசனை வந்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. யாரோ அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறார்கள் என்று நினைத்து, மறுநொடியே எனக்குள் சிரித்துக்கொண்டேன். நியூ ஜெர்சியில், கண்ணாடி ஏற்றிய காருக்குள், காலை ஏழு மணிக்கு எந்த வீட்டு அடுப்பு மணக்கும்? பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்த சாரின் மகள், ஆறு வயதுக்காரி, மூக்கை உறிஞ்சிவிட்டு, "அம்மா இஸ் பேக்" என்றாள். சார் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அவளுடைய அம்மா இறந்து அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

சார் என் பிராஜெக்ட் லீட். 1998இல் நான் வெஸ்ட் வின்ட்சருக்கு வந்து இறங்கியபோது எனக்கு லைசென்ஸும் இல்லை, காரும் இல்லை. ஒரே அபார்ட்மென்ட் வளாகம் என்பதால் அவரே தினமும் கூட்டிப்போவார். குழந்தையைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஐசலினில் இருந்த ஆபீசுக்குப் போவோம். முன்சீட்டு காலியாகவே வரும். அதில் என்னை உட்காரச் சொன்னதே இல்லை. காரணத்தை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. சாரின் மனைவி தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போய், காய்ச்சலில் விழுந்து, அங்கேயே இறந்துபோனார். குழந்தையை ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு சார் தனியாகப் போய்க் காரியம் முடித்துத் திரும்பினார். அம்மா எங்கே என்று குழந்தை கேட்டபோது, "நம்மகூடத்தான்டா இருக்கா" என்று சொல்லிவிட்டாராம். கூட என்றால் எங்கே என்று அவள் விடாமல் கேட்க, காரின் முன்சீட்டைக் காட்டிவிட்டாராம்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த அக்டோபரில் என் துணிச்சல் நாளுக்கு நாள் கரைந்தது. முன்சீட்டின் கீழே இருந்த கம்பளம் தினமும் ஈரமாக இருந்தது, குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்த யாரோ பாதம் வைத்த மாதிரி. வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. ஹீட்டர் சூடானதும் முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு போல ஆவி படரும். சார் தன் பக்கத்தை மட்டும் துடைத்துக்கொள்வார். துடைக்காத பக்கத்தில், விரலால் எழுதிய ஒரு 'அ' மெல்ல மெல்ல எழுந்து வரும். போன குளிர்காலத்தில் அந்த அம்மா மகளுக்கு எழுதிக் காட்டிய எழுத்து. குழந்தை அதைப் பார்த்து தினமும் "ஆ" என்று தப்பாகப் படிப்பாள். திருத்த எனக்கு வாய் வராது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

உறைபனி விழும் முன்பு கூலன்ட் மாற்ற வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை மதியம் சார் காரைத் திறந்தார். பன்னிரண்டு வருடப் பழைய கார். சும்மா இருக்கிறேனே என்று நானும் உதவிக்குப் போனேன். குழந்தை சுற்றிச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தாள். "டிக்கில பச்சைத் தண்ணி இருக்கும், எடுத்துட்டு வாங்கம்மா" என்றார். நான் குடிதண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸுக்கு ரேடியேட்டரில் பைப்புத் தண்ணீர்தான். பச்சைத் தண்ணீர் என்றால் எனக்கு அதுதான். "ஐயோ, இது இல்லம்மா! பச்சைக் கலர்ல இருக்குமே, கூலன்ட்! நீங்க கொண்டு வந்தத ஊத்துனா ராத்திரியோட எஞ்சின் ஐஸ் கட்டி வெடிச்சிடும்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ரேடியேட்டரின் அடியில் ஒரு திருகைத் தளர்த்தினார். பழைய கூலன்ட் கடைச் சர்பத் நிறத்தில் பேசினுக்குள் இறங்கியது. பேசினை நகர்த்தக் குனிந்தேன். குப்பென்று வெல்லப்பாகு வாசனை.

"சார், கார்ல வர்ற அதே வாசனை."

அவர் நிமிரவே இல்லை. "தெரியும்மா. ஹீட்டர் கோர் லீக் ஆகுது. போன விண்டர்லயே கண்டுபிடிச்சிட்டேன்."

ஹீட்டர் கோர் என்பது டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். ஹீட்டரைப் போட்டால் சூடான கூலன்ட் அதன் வழியாக ஓடும். அது ஓட்டையானால் கம்பளம் நனையும், கண்ணாடியில் பிசுக்கு படரும், கார் முழுக்க இனிப்பாக மணக்கும். என்னை ஒரு மாதம் ஆட்டிவைத்த பேயை இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

"அப்ப ஏன் சார் இன்னும் ரிப்பேர் பண்ணல?"

"பண்ணிட்டா வாசனை போயிடுமே" என்றார். திருகை இறுக்கிக்கொண்டே, "பாப்பா ஏங்கிடுவா" என்றார்.

பேயாகவே இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. தெரிந்தே மாதம் ஒரு பாட்டில் ஊற்றி அதை வளர்த்துவந்த மனிதரின் பக்கத்தில் நிற்கத்தான் முதுகு சில்லிட்டது. அவரோ சாதாரணமாக, "அந்த பேசினை மூடி வைங்கம்மா. இனிப்பா இருக்கும், பூனை கீனை நக்கிட்டா செத்துடும்" என்றார். சொல்லி முடிக்கும்போதே அவர் கை அந்தரத்தில் நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம்.

முன்சீட்டுப் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. குழந்தை உள்ளே சீட்டுக்குக் கீழே குந்தியிருந்தாள். உள்ளங்கையைக் கம்பளத்தில் அழுத்தி எடுத்து, விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "இட்ஸ் ஸ்வீட், அப்பா."

சார் போட்ட சத்தம் மனிதச் சத்தம் மாதிரி இல்லை. நான் 911க்கு போன் செய்தேன். ஆம்புலன்சில் ஏறும்போதும் அவர், "எத்தனை நாளா பண்ற? எத்தனை நாளா?" என்று அவளையே கேட்டுக்கொண்டிருந்தார். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

ரத்தம் எடுத்தார்கள், டிரிப் போட்டார்கள், மறுநாள் வரை வைத்துப் பார்த்தார்கள். விரலில் ஒட்டியது அதிகமில்லை. சிறுநீரகம் தப்பியது, குழந்தை பிழைத்தாள். மறு வாரமே சார் டாஷ்போர்டைக் கழற்றி ஹீட்டர் கோரை மாற்றினார். கம்பளத்தை அறுத்துக் குப்பையில் போட்டார். கண்ணாடியை இரண்டு பக்கமும் துடைத்தார். சில வருடங்களில் அப்பாவும் மகளும் டெக்ஸாஸுக்குப் போய்விட்டார்கள். இப்போது கூலன்ட் இளஞ்சிவப்பில், ஆரஞ்சில் எல்லாம் வருகிறது. யாரும் நக்கிவிடக் கூடாதென்று கசப்புக் கலந்தும் விற்கிறார்கள். அது எங்களுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. அந்த மனிதர் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நடந்ததை நினைத்தால் அந்தக் கோபம் நிற்பதில்லை.

அபாயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு சார் கட்டிலருகே முட்டி போட்டு உட்கார்ந்தார். நான் வெளியே போக எழுந்தேன். இருங்க என்று கைகாட்டினார். மகளிடம் அவர் அந்தச் சொல்லைச் சொல்ல பத்து மாதம் ஆகியிருந்தது.

"கண்ணா, அது அம்மா இல்லடா. வண்டித் தண்ணி. அம்மா செத்துப் போயிட்டா. கார்ல அம்மா இல்ல."

குழந்தை அழவில்லை. அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஐ நோ, அப்பா. ஐ தாட் யூ டிட்ன்ட் நோ."