சட்டசபையில் பாதி எழுந்தவர்

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. கல்லூரியில் என்னிடம் இயற்பியல் படித்தவர். பாடம் ஏறவில்லை, என்மேல் மரியாதை மட்டும் ஏறியது. அவருடைய சட்டசபைப் பேச்செல்லாம் நான் எழுதிக் கொடுத்ததுதான்.

அந்த வருஷம் காற்றாலைகள்மீது வரி போட ஒரு மசோதா வந்தது. அந்த வரியில் கடைமடை ஊர்களுக்குத் துணைமின் நிலையம் அமைத்து, பம்புசெட்டுகளுக்குப் பகலிலேயே மின்சாரம் கொடுப்பதாகத் திட்டம். கால்வாய்த் தண்ணீர் எட்டாத என் தங்கை கணவரின் வயல் அதை நம்பித்தான் கிடந்தது. ஆனால் எம்.எல்.ஏ.வின் தேர்தல் ஜீப்புகளுக்கு டீசல் ஊற்றியவர்கள் ஆரல்வாய்மொழிக் காற்றாலை முதலாளிகள். என் மகளைக் கட்டிய மருமகனும் அவர்களில் ஒருவரிடம் மேலாளர். கட்சியோ, அவரவர் விருப்பம் என்று கைகழுவிவிட்டது.

“சாரே, வெவசாயிக்கும் வாக்கு குடுத்தாச்சு, மொதலாளிக்கும் குடுத்தாச்சு. இருக்கது ஒரே ஓட்டு. என்ன செய்யட்டும்?” என்று வந்து நின்றார்.

“எந்திக்கச் சொல்லித்தானே எண்ணுவான்? கல்யாணப் பந்தியில சாப்பிட்டுட்டு இருக்கும்போ சம்பந்திக்காரன் வந்தா எப்பிடி எந்திப்ப?”

“குண்டியத் தூக்குவேன், எலைய விடமாட்டேன்.”

“அதையே அங்க செய்யி. கேட்டா முட்டுவலின்னு சொல்லு.”

ஆதரிப்போரை எழச் சொன்னபோது பாதி எழுந்தார். எதிர்ப்போரை எழச் சொன்னபோதும் பாதி. எண்ண வந்த அலுவலர், “நிக்கிறீங்களா, உக்காருறீங்களா?” என்று கேட்டாராம். இவர் முழங்காலைத் தடவிக் காட்டியிருக்கிறார். முந்தின நாள் கேண்டீனில் இந்த யோசனையை இவர் நாலு பேரிடம் சொல்லியும் இருந்ததால், காற்றடிக்கும் ஊர்களின் உறுப்பினர்கள் பலருக்கும் அன்று முழங்கால் வலி. ஆதரவு எண்ணிக்கை குறைந்து மசோதா தோற்றது.

ஊர் திரும்பியதும் விவசாயிகளிடம், “ஒங்களுக்காக எந்திச்சேன்” என்றார். முதலாளிகளிடம், “ஒங்களுக்காக முழுசா எந்திக்கல்ல” என்றார். இரண்டுமே பொய்யில்லை என்பதில் எனக்கு அப்போது ஆசிரியப் பெருமிதம் வேறு.

கும்பப்பூ பருவத்து நெல் நடவு தண்ணீரில்லாமல் கருகியபின் தங்கை கணவர் வீட்டுக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று பயந்து, அவசரமாகக் காப்பி போடச் சொன்னேன். அவர் ஒரு தைலக்குப்பியை நீட்டினார்.

“மச்சான், ஒம்ம எம்.எல்.ஏ. பாவம்வே. நமக்காக எந்திச்சு அவருக்கு முட்டு போச்சாமே. வைத்தியர்ட்ட சொல்லிக் காய்ச்சினது. குடுத்துரும்.”

மருமகனின் உத்தியோகத்தை நினைத்துத்தான் உம் வயலைக் காயவிட்டேன் என்று அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். குப்பியை வாங்கிக்கொண்டு, “ரெண்டு நேரம் தேய்க்கணுமா?” என்று கேட்டேன்.